கையெழுத்துப் போட மாட்டேன்!

1898 ஜூன் மாதம். பிலிப்பைன்ஸில் லகூனா ஏரிக்கரையில் உள்ள லாஸ் பான்யோஸ் என்ற ஊரிலிருந்து ஒரு தூளி புறப்பட்டது. ஓர் ஊர் ஆட்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் களைத்ததும் அடுத்த ஊர் ஆட்கள் தோள் கொடுப்பார்கள். அவர்கள் களைத்தால் அதற்கடுத்த ஊர்க்காரர்கள். இப்படி ஊர் ஊராக, தோள் மாறித் தோள் மாறி, அந்தத் தூளி காவிட் என்ற ஊரை நோக்கிப் போனது.

தூளிக்குள் கிடந்தவருக்கு 33 வயது. மெலிந்த உடம்பு. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. போலியோ தாக்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரை வரவழைத்தவர் புரட்சிப் படையின் தலைவர் எமிலியோ அகினால்டோ. அவருக்கு வயது 29. ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்துப் போரிட்டு, ஹாங்காங்கில் இருந்துவிட்டு, மே 19ஆம் தேதிதான் தாய்நாடு திரும்பியிருந்தார். துப்பாக்கி தூக்க அவரிடம் ஆயிரமாயிரம் பேர் இருந்தார்கள். ஒரு நாட்டை எப்படி நடத்துவது என்று யோசித்து எழுதித் தருவதற்குத்தான் ஆள் இல்லை. தூளியில் வந்தவர் எழுதிய ஓர் அறிக்கை அகினால்டோவின் கைக்குக் கிடைத்தது. படித்தார். இவரை அழைத்து வாருங்கள் என்றார்.

அவர் பெயர் அப்போலினாரியோ மாபினி. பிலிப்பைன்ஸ் மக்கள் இன்றுவரை அவரைப் புரட்சியின் மூளை என்றே சொல்கிறார்கள்.

தம்பி, தங்கை, உங்களிடம்தான் பேசுகிறேன். 'எனக்கு வசதி இல்லை', 'எனக்கு உடம்பு சரியில்லை', 'எனக்குப் பின்னால் யாரும் இல்லை', 'இந்த வயதில் இனி என்ன' என்று சொல்லிச் சொல்லி உங்களையே நீங்கள் உட்காரவைத்திருக்கிறீர்களே, உங்களிடம்தான். வசதி, உடம்பு, ஆள்பலம் மூன்றும் இல்லாத ஒருவர் உலகத்தின் இரண்டு வல்லரசுகளை அடுத்தடுத்து எதிர்த்து நின்ற கதை இது. உட்கார்ந்து கேளுங்கள். கேட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள்.

பட்டாங்காஸ் மாகாணம், தனாவான் ஊரை ஒட்டிய தாலாகா என்ற சிற்றூர். 1864 ஜூலை 23 அன்று அங்கே மாபினி பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். அப்பா இனோசென்சியோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா தியோனிசியா சந்தையில் வியாபாரம் செய்தார். மகனுக்குப் படிப்பில் ஆசை என்று தெரிந்ததும் அந்த அம்மாவுக்கு ஒரு கனவு பிறந்தது: பையன் பாதிரியார் ஆக வேண்டும். அதற்காக வெயிலென்றும் மழையென்றும் பாராமல் சந்தைக்கு நடந்தார். உழைத்து உழைத்தே நோயில் விழுந்து, மகன் வளர்ந்து பேர் சொல்லும் நாளைப் பார்க்காமல் 1888இல் கண்ணை மூடினார். பல ஆண்டுகள் கழித்து, நாடு கடத்தப்பட்ட தீவில் உட்கார்ந்து பிலிப்பைன்ஸ் புரட்சியின் வரலாற்றை எழுதியபோது, மாபினி அந்தப் புத்தகத்தை அம்மாவுக்குத்தான் காணிக்கையாக்கினார். அங்கி அணிந்தவர் மட்டுமே இறைவனின் ஊழியர் அல்லர், பிறருக்குத் தொண்டு செய்கிற ஒவ்வொருவரும் ஊழியரே என்று அந்தக் காணிக்கையில் அம்மாவுக்குப் பதில் சொன்னார். பாதிரியாராகாத மகன், அம்மாவின் கனவை வேறொரு வழியில் நிறைவேற்றிவிட்டேன் என்று சொன்ன பதில் அது.

அந்தப் பையன் எப்படிப் படித்தான் தெரியுமா? ஆசிரியர் வீட்டில் எடுபிடி வேலை செய்தான். தையற்காரரிடம் தொழில் பழகினான். இரண்டுக்கும் கூலி, சாப்பாடும் தங்க இடமும். 1881இல் மணிலாவின் சான் ஹுவான் தே லெத்ரான் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணம் தீர்ந்தால் படிப்பு நிற்கும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிப்பார், மீண்டும் படிப்பார். பட்டம் வாங்க 1887 ஆனது. பிறகு சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம். பகலில் நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை. வழக்கறிஞர் ஆனது 1894இல். மணிலாவில் கால் வைத்ததிலிருந்து கணக்குப் போட்டால் 13 ஆண்டுகள்!

மூன்று மாதத்தில் பலன் தெரியவில்லை என்று முயற்சியை மூட்டை கட்டி வைக்கிற நம் தலைமுறை இந்த 13 ஆண்டுகளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். தன்னம்பிக்கை கூட்டத்தில் கைதட்டினால் வருவதில்லை. கண்ணாடி முன் நின்று என்னால் முடியும் என்று கத்தினாலும் வருவதில்லை. 13 ஆண்டுகள் விடாமல் ஒரு காரியத்தில் உட்கார்ந்தவனுக்கு அது தானாக வந்து சேரும். பின்னாளில் அமெரிக்கத் தளபதிகள் எதிரே உட்கார்ந்தபோது மாபினியின் குரல் தடுமாறவில்லை என்றால், சட்டப் புத்தகத்தை அவர் வரி விடாமல் படித்திருந்தார் என்பதுதான் காரணம். தான் சொல்வது நியாயம் என்று அவருக்கு நம்பிக்கை மட்டும் இருக்கவில்லை. ஏன் நியாயம் என்று வாதாடவும் தெரிந்திருந்தது.

வழக்கறிஞர் ஆகி இரண்டே ஆண்டுகள். 1896இல் போலியோ வந்தது. கால்கள் போய்விட்டன.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்பெயினுக்கு எதிரான ஆயுதப் புரட்சி வெடித்தது. ஒரு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாபினி அந்தப் புரட்சியில் இல்லை. ஹோசே ரிசால் தொடங்கிய லீகா பிலிப்பினா என்ற சீர்திருத்த அமைப்பில்தான் இருந்தார். மனுக்கொடுத்து, எழுதி, பேசி உரிமைகளைப் பெறலாம் என்று நம்பினார். ஸ்பானியர்கள் அந்த வேறுபாட்டையெல்லாம் பார்க்கவில்லை. அவரையும் பிடித்தார்கள். மருத்துவமனையில் காவலில் வைத்தார்கள். நடக்க முடியாதவர் என்பதால்தான் சுடாமல் விட்டார்கள். ரிசாலை விடவில்லை. 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் சுட்டுக் கொன்றார்கள்.

1897இல் மாபினி வெளியே வந்தார். வந்தவர் பழைய மாபினி அல்லர். பேசிப் பெறலாம் என்ற நம்பிக்கையை ஸ்பெயின் தன் துப்பாக்கியாலேயே கொன்றுவிட்டது என்பதை உணர்ந்துவிட்டார். தன் கருத்தை மாற்றிக்கொண்டார். இதைக் கவனியுங்கள். உறுதி என்றால் முதல்நாள் சொன்னதையே கடைசிநாள்வரை பிடித்துக்கொண்டிருப்பது என்று நினைக்கிறோம். காலம் வேறொன்றைக் காட்டும்போது கண்ணைத் திறந்து பார்க்கத் துணிவதும் உறுதிதான். நேற்றைய என் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்ள நாளைய கூட்டத்தை எதிர்கொள்வதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும்.

இனி காவிட்டுக்கு வருவோம்.

தூளி போய்ச் சேர்ந்த நாள் 1898 ஜூன் 12. பிலிப்பைன்ஸ் விடுதலை அறிவிக்கப்பட்ட அதே நாள்! அகினால்டோவின் வீட்டில் கொடி ஏறியது. வாத்தியம் முழங்கியது. சுதந்திர அறிவிப்பு வாசிக்கப்பட்டது. 333 ஆண்டு ஸ்பானிய ஆட்சிக்குப் பிறகு வந்த நாள். ஊரே ஆனந்தத்தில் மிதந்தது. புதிதாக வந்து சேர்ந்த, தூக்கிக்கொண்டு வரப்பட்ட, யாருக்கும் சரியாக அறிமுகம் இல்லாத ஒரு மனிதர் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? எல்லோரோடும் சேர்ந்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம்.

மாபினி அறிவிப்பை வாங்கிப் படித்தார். அதில் அமெரிக்காவின் பாதுகாப்பை நம்பி விடுதலையை அறிவிப்பதாக ஒரு வாசகம் இருந்தது. அமெரிக்கக் கடற்படைதான் மே 1 அன்று மணிலா வளைகுடாவில் ஸ்பானியக் கப்பல்களை நொறுக்கியிருந்தது. அகினால்டோ நாடு திரும்பியதே அமெரிக்கக் கப்பலில்தான். எனவே எல்லோருக்கும் அமெரிக்கா நண்பன். மாபினிக்கு மட்டும் உறுத்தியது. இன்னொருவர் தயவில் பெறும் விடுதலை அவர் தயவு இருக்கும் வரைதானே? அதோடு, தளபதி அறிவித்தால் போதுமா, மக்கள் ஒப்புதல் வேண்டாமா? வந்த இடத்திலேயே இரண்டையும் கேட்டார். பிறகு அவருடைய வற்புறுத்தலால்தான் அந்த அறிவிப்பு திருத்தப்பட்டது. ஆகஸ்ட் 1 அன்று பகோர் என்ற ஊரில் நகரத் தலைவர்கள் கூடி விடுதலையை உறுதிசெய்தார்கள்.

கொண்டாட்டத்தின் நடுவே ஒற்றை ஆளாக 'பொறுங்கள்' என்று சொல்கிற துணிச்சல் இருக்கிறதே, அதற்கு நிகரான துணிச்சல் போர்க்களத்தில்கூடக் கிடையாது. எதிரியை எதிர்ப்பது எளிது. எதிர்த்தால் நம் ஆட்கள் கைதட்டுவார்கள். நம் ஆட்கள் மகிழ்ந்திருக்கும்போது அவர்களிடமே உண்மையைச் சொன்னால் கைதட்ட ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

காலம் மாபினியின் பக்கம் நின்றது. ஆகஸ்ட் 13 அன்று ஸ்பானியர்களும் அமெரிக்கர்களும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு மணிலாவில் ஒரு போலிச் சண்டை நடத்தினார்கள். கோட்டை நகரம் அமெரிக்கர் கைக்குப் போனது. இத்தனை காலம் ரத்தம் சிந்திய பிலிப்பினோ வீரர்கள் உள்ளே விடப்படவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 10இல் பாரிஸில் ஒப்பந்தம். 2 கோடி டாலரை ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டு அமெரிக்கா பிலிப்பைன்ஸைப் பெற்றுக்கொண்டது. பேச்சுவார்த்தையில் பிலிப்பினோ ஒருவருக்கும் இடமில்லை.

இந்த ஆறு மாதங்களில் மாபினி செய்த வேலை மலைக்க வைக்கிறது. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 18 அன்று ஊராட்சிகளை எப்படி அமைப்பது என்ற ஆணை வெளியாகிறது. ஒவ்வொரு ஊரும் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். காவல், நீதி, வரி, பதிவேடு ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் வேண்டும். ஜூன் 23 அன்று இன்னோர் ஆணை: அகினால்டோவின் சர்வாதிகார ஆட்சி புரட்சி அரசாக மாறுகிறது. இதற்கிடையே குடியரசுக்கான அரசியல் சட்டத் திட்டம் ஒன்று. அதோடு மக்களுக்கென்று பத்துக் கட்டளைகள். நாட்டை உன்னைவிட அதிகமாக நேசி, உன் ஆற்றலை வளர்த்துக்கொள், பரம்பரை ஆட்சியை ஏற்காதே, அயலானை உடன்பிறப்பாகப் பார் என்ற பொருளில் அவை போகும். ஸ்பானியனை விரட்டிவிட்டு அதே நாற்காலியில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்தால் அது விடுதலை ஆகாது என்பதில் மாபினிக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மனிதர்கள் உள்ளுக்குள் மாறாத நாடு மீண்டும் அடிமையாகும் என்று நம்பினார். அவர் எழுத்தெல்லாம் இதைத்தான் சுற்றி வருகிறது.

ஒரு மேசை, தாள், பேனா. எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைக்கூடத் திறக்க முடியாது. அந்த மனிதர் ஒரு நாட்டின் நிர்வாகத்தைக் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தார்!

உங்களிடம் இல்லாததைப் பற்றிப் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள். இருப்பது என்ன? ஒரு கை இருக்கிறதா? இரண்டு மணி நேரம் இருக்கிறதா? படித்த பத்தாம் வகுப்பு இருக்கிறதா? அதை எடுத்து மேசைமேல் வையுங்கள். மாபினி தன் காலைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தலை இருக்கிறது, கை இருக்கிறது, வேலையைக் கொண்டா என்றார்.

1899 ஜனவரி 2 அன்று அவர் பிரதமரானார். வெளியுறவுத் துறையும் அவரிடமே. ஜனவரி 23 அன்று மலோலோஸ் நகரில் பரசோவாயின் தேவாலயத்தில் முதல் பிலிப்பைன்ஸ் குடியரசு பிறந்தது. அடுத்த 12ஆம் நாள், பிப்ரவரி 4 இரவு, மணிலாவின் புறநகரில் அமெரிக்கக் காவல் வீரன் ஒருவன் சுட்டான். போர் தொடங்கியது. மார்ச் 31 அன்று மலோலோஸ் வீழ்ந்தது. அரசாங்கமே ஊர் ஊராக இடம் மாறியது. பிரதமரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எதிரி வெளியே மட்டும் இருந்தால் பரவாயில்லை. குடியரசின் மலோலோஸ் காங்கிரஸில் இருந்த செல்வந்தர்களும் படித்த பெரிய குடும்பத்தாரும் மாபினியைப் பொறுக்கவில்லை. சந்தைக்காரியின் மகன் எல்லாவற்றையும் தீர்மானிப்பதா? அகினால்டோவுக்குப் பின்னால் இருந்துகொண்டு இருட்டறையில் ஆட்சி நடத்துகிறார் என்றார்கள். அவருக்கு வாதம் வந்தது பால்வினை நோயால் என்று ஒரு வதந்தியும் பரவியது. திருமணமாகாத மனிதர். எழுந்து நடக்க முடியாதவர். இதைவிடக் கொடிய அம்பு வேறென்ன இருக்க முடியும்?

மாபினி அந்தச் சேற்றில் இறங்கவில்லை. அடுத்த கோப்பை எடுத்தார். வதந்தி அவர் இறந்த பிறகும் சாகவில்லை. 1980இல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து ஆய்ந்தார்கள். போலியோதான் என்று முடிவானது. இறந்து 77 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தீர்ப்பு! உங்களைப் பற்றி யாரோ வாட்ஸ்அப்பில் எதையோ எழுதினார்கள் என்று இரவெல்லாம் புரண்டுகொண்டிருக்கிறீர்களா? எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள். பழி சொன்னவர்கள் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. அவர் எழுதிய ஆணைகள் இருக்கின்றன.

1899 வசந்தத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு ஆணைக்குழு வந்தது. எங்கள் ஆட்சியின் கீழ் உங்களுக்குக் கொஞ்சம் தன்னாட்சி தருகிறோம் என்றது. மாபினி கேட்டது ஒன்றே: முதலில் போரை நிறுத்துங்கள், எங்கள் மக்களைக் கேட்டுச் சொல்கிறோம். மறுத்துவிட்டார்கள். அவரோடு இருந்தவர்கள் பலர் கிடைத்ததை வாங்கிக்கொள்வோம் என்றார்கள். மே 7 அன்று மாபினி பதவியிலிருந்து விலகினார். அவர் இடத்துக்குப் பாட்டர்னோ என்பவர் வந்தார். பிரதமர் பதவி நான்கு மாதம்தான். அதற்காக மாபினி ஒரு வரி விட்டுக்கொடுக்கவில்லை.

1899 டிசம்பர் 10. பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக ஓராண்டு. நுயேவா எசிஹா மாகாணத்தின் குயாப்போ என்ற ஊரில் அமெரிக்கர்கள் அவரைப் பிடித்தார்கள். ஓடித் தப்பக் கால் இல்லை. மணிலாவில் அடைத்தார்கள். அங்கிருந்துதான் உண்மையான போராட்டம் தொடங்கியது என்பேன்.

அமெரிக்கர்கள் அவரிடம் கேட்டது மிகச் சிறிய விஷயம். ஒரு தாள். அமெரிக்காவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழி. அதில் ஒரு கையெழுத்து. போட்டால் வீடு, வேலை, மரியாதை, மருத்துவம். அவரோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாபினி போடவில்லை. கொரில்லாப் போரைக் கைவிடச் சொல்லி உங்கள் ஆட்களுக்கு அறிவுரை கூறுங்கள் என்று அமெரிக்கத் தளபதி பெல் 1900இல் கடிதம் எழுதினார். வலிமை இருப்பதாலேயே ஒரு நாட்டுக்கு இன்னொரு நாட்டை ஆளும் உரிமை வந்துவிடாது. பலவீனமானவர்களை இந்த வழிக்குத் தள்ளியது நீங்கள்தான் என்ற கருத்தில் பதில் போனது. பதில் எழுதியவர் அந்தத் தளபதியின் கைதி என்பதை மறந்துவிடாதீர்கள்.

1900 செப்டம்பர் 23 அன்று விடுவித்தார்கள். மணிலாவின் நக்தஹான் பகுதியில் ஓலை வேய்ந்த சிறு வீட்டில் தங்கினார். பத்திரிகைகளுக்கு எழுதிச் சாப்பிட்டார். அந்த எழுத்தும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. இவரை மணிலாவில் வைத்திருக்கவே கூடாது என்று முடிவு செய்தார் ராணுவ ஆளுநர் ஆர்தர் மெக்ஆர்தர். யோசித்துப் பாருங்கள். பல்லாயிரம் படைவீரர்கள், பீரங்கிகள், போர்க்கப்பல்கள் கொண்ட பேரரசு. எதிரே ஓலைவீட்டில், நடக்க முடியாத ஒரு மனிதர், கையில் ஒரு பேனா. பயந்தது பேரரசுதான்.

1901 ஜனவரி 16 அன்று ரோஸ்கிரான்ஸ் என்ற கப்பலில் ஏற்றினார்கள். பசிபிக் கடலில் சுமார் 2500 கிலோமீட்டர் தள்ளி குவாம் தீவு. ஆசான் என்ற இடத்தில் சிறை முகாம்.

அங்கே அவர் என்ன செய்தார்? சோர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கவில்லை. ஆங்கிலம் கற்றார். 36 வயதுக்கு மேல், சிறையில், நோயோடு, தன்னை அடைத்தவர்களின் மொழியை! புரட்சியின் வரலாற்றை ஸ்பானிய மொழியில் எழுதினார். அதைத் தானே ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்தார். அந்த நூலில் எதிரிகளைக் குறைசொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நம்மிடம் என்ன கோளாறு, ஏன் தோற்றோம் என்று தன் தலைவர் அகினால்டோவின் தவறுகளையும் வெளிப்படையாக எழுதினார். தோல்வியைத் திறந்து பார்க்கத் தைரியம் உள்ளவனால் மட்டுமே அடுத்த முறை ஜெயிக்க முடியும். தோற்றதும் யார் காரணம் என்று விரல் நீட்டத் தொடங்குகிறோமே, அந்த விரலை ஒருமுறை நம் பக்கம் திருப்பிப் பார்த்தால் என்ன?

அவர் தீவில் இருக்கும்போதே நாட்டில் எல்லாம் முடிந்துகொண்டிருந்தது. 1901 மார்ச் 23 அன்று அகினால்டோ பிடிபட்டார். ஏப்ரல் 1 அன்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார். குடியரசுத் தலைவரே கையெழுத்துப் போட்டுவிட்டார்! மாபினி போடவில்லை. 1902 ஜூலை 4 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் போர் முடிந்ததாக அறிவித்துப் பொதுமன்னிப்பும் வழங்கினார். அதற்கும் அதே கையெழுத்துத்தான் விலை. குவாமில் இருந்த மற்றவர்கள் போட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். முகாமில் எஞ்சியவர்கள் மாபினியும் ஆர்ட்டெமியோ ரிகார்தே என்ற இன்னொரு கைதியும்தான்.

யார் முன்னால் வீரம் காட்டினார் மாபினி? பார்க்க ஆள் இல்லை. செய்தியாக்கப் பத்திரிகை இல்லை. போர் முடிந்துவிட்டது, கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் நாட்டின் நிலை மாறப்போவதில்லை. இருந்தும் மறுத்தார். ஏனென்றால் நம்பாத ஒன்றின் கீழே தன் பெயரை எழுத அவர் கை எழவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் நீ யாராக இருக்கிறாயோ அவன்தான் நீ. மேடையில் நிற்பவனை ஊர் அறியும். அந்த முகாமில் இருந்தவனை மனசாட்சி மட்டும்தான் அறியும்.

முடிவையும் சொல்லியாக வேண்டும். 1903 பிப்ரவரியில் இருவரிடமும் சொன்னார்கள்: நீங்கள் இனிக் கைதிகள் அல்லர், உலகத்தில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், பிலிப்பைன்ஸுக்கு மட்டும் உறுதிமொழி எடுக்காமல் போக முடியாது. உடம்பு முற்றிலும் தளர்ந்திருந்தது. அந்நிய மண்ணில் சாவதா, சொந்த மண்ணில் சாவதா என்ற கேள்விதான் மிச்சம். பிப்ரவரி 26 அன்று தாமஸ் என்ற கப்பல் மணிலா வந்தது. மாபினி உறுதிமொழி எடுத்துக்கொண்டு கரை இறங்கினார். ரிகார்தே மறுத்தார், அவரை ஹாங்காங்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் பணிந்துவிட்டாரே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒரு பேரரசு அந்த ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. நோய், சிறை, கடல், தனிமை, தலைவரின் சரணாகதி, நண்பர்களின் பிரிவு, இத்தனையும் சேர்ந்து தள்ளியும் அவர் அசையவில்லை. போர் ஓய்ந்த பின், சாகப்போகும் மனிதன், அம்மா நடந்த மண்ணுக்குத் திரும்ப விரும்பினான். அதை மறைக்கவும் இல்லை. நோயும் துன்பமும் வென்ற நிலையில் திரும்புகிறேன், இன்னும் ஏதாவது பயன்படுவேன் என்று நம்புகிறேன் என்ற கருத்தில் மக்களுக்கு வெளிப்படையாகவே சொன்னார். பிறகு நடந்ததுதான் சான்று. புதிய அரசு அவருக்கு உயர்ந்த பதவி தர முன்வந்தது. வேண்டாம் என்றார். நக்தஹான் ஓலைவீட்டுக்கே போனார். பணிந்தவன் பதவியை வாங்கிக்கொள்வான்.

திரும்பி வந்தபின் அந்த வீட்டில் அவர் வாழ்ந்தது இரண்டரை மாதம். மணிலாவில் காலரா பரவியிருந்தது. 1903 மே 13 அன்று இறந்தார். வயது 38.

அமெரிக்காவுக்கு எதிரான அந்தப் போரில் 20,000க்கும் மேற்பட்ட பிலிப்பினோ போராளிகள் மாண்டார்கள். வன்முறை, பஞ்சம், நோய் எல்லாம் சேர்ந்து பலிகொண்ட பொதுமக்கள் இரண்டு லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் யாருக்கும் தெரியாது. தூளிக்குத் தோள் கொடுத்தவர்களின் பெயரும் தெரியாது. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் மாபினி காவிட் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். எல்லோரும் மாபினி ஆக முடியாது என்று நினைக்கிறாயா தம்பி? சரி, தோள் கொடுக்கலாமே. தகுதியுள்ள ஒருவர் உன் தெருவில், உன் வகுப்பில், உன் அலுவலகத்தில் நகர முடியாமல் கிடக்கிறார். ஒரு ஊர் தூரம் நீ தூக்கு. அடுத்த ஊர்க்காரன் வந்து வாங்கிக்கொள்வான்.

பிலிப்பைன்ஸ் 1946 ஜூலை 4 அன்று விடுதலை பெற்றது. 1962 முதல் அந்த நாடு தன் சுதந்திர நாளாகக் கொண்டாடுவது ஜூன் 12ஆம் தேதியை, தூளி காவிட் வந்து சேர்ந்த அந்த நாளை. மாபினியின் முகம் அவர்களுடைய 10 பெசோ நாணயத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு வாய்ப்பளிப்போரையும் சாதித்தவர்களையும் பாராட்டும் விருதுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தம்பி, தங்கை, உங்கள் முன்னாலும் ஒரு நாள் ஒரு தாளை நீட்டுவார்கள். பொய்க்கணக்கில் ஒரு கையெழுத்து கேட்கலாம். படிக்க வேண்டாம், வீட்டிலேயே இரு என்று உன் எதிர்காலத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். எல்லோரும் போட்டுவிட்டார்கள், நீ மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கிறாய் என்பார்கள். அன்று அவசரப்படாதீர்கள். தாளை வாங்குங்கள். கடைசி வரி வரை படியுங்கள். போடக் கூடாத கையெழுத்து என்றால் பேனாவை மூடித் திருப்பிக் கொடுங்கள். அதைச் சொல்லும் வலிமை அன்றைக்கு வேண்டுமென்றால், படிக்க வேண்டியதை இன்றைக்கே படிக்கத் தொடங்குங்கள்.